ஒளி பிரித்துக் காட்டும் மேற்பரப்பு

காரில் வைத்துக்கொள்ளும் சின்னக் குளிர்பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரெசர் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் ஒரு சதுர வில்லைதான் எல்லா வேலையையும் செய்கிறது. அதற்குள் இருப்பது பிஸ்மத் டெல்லுரைடு. 1954-இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட்டும் டக்ளஸும் இதன் குளிர்விக்கும் திறனைக் காட்டினார்கள். கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பில் லேசர்கள் சூடேறாமல் காப்பதும் இத்தகைய வில்லைகளே.

அரை நூற்றாண்டு இப்படிப் புழங்கிய பொருளுக்கு 2009-இல் புது முகவரி கிடைத்தது: டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர். உள்ளே மின்கடத்தாப் பொருளாக இருக்க வேண்டியது, மேற்பரப்பில் மட்டும் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும். இதை உறுதிப்படுத்தியது ஒளிதான். படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்களின் வேகத்தையும் திசையையும் அளந்தார்கள்.

இரண்டு குணங்களும் ஒரே பொருளில் சேர்ந்தது தற்செயல் அல்ல. பிஸ்மத் கனமான அணு. கனத்த அணுக்களின் அதிர்வு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். குளிர்விக்கும் வில்லைக்கு அது வேண்டும். அதே கனம் எலக்ட்ரானின் சுழற்சியை அதன் ஓட்டத்தோடு இறுகப் பிணைத்து, ஆற்றல் பட்டைகளைத் தலைகீழாக்குகிறது. மேற்பரப்பு உலோகமாவது அதனால்தான்.

பட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் சிறிது, சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால் ஒளி ஆழமாக ஊடுருவுவதில்லை. அப்பளக் கட்டுபோல் ஏடு ஏடாகப் பிரியும் இந்தப் படிகம், வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. ஒவ்வொரு ஏடும் ஐந்து அணு அடுக்கு, சுமார் 1 நானோமீட்டர் தடிமன். ஒட்டும் டேப்பாலேயே உரித்துவிடலாம்.

மேற்பரப்பின் கடத்தலைத் தனியாக அளப்பதில்தான் சிக்கல். குளிர்பெட்டிக்கு நல்லது என்றால், ஒரு கன சென்டிமீட்டரில் 10^19 அளவுக்கு மின்சுமைகள் உலவ வேண்டும். அந்தக் கூட்டத்தில் மேற்பரப்பின் குரல் அமுங்கிப்போகும். அகச்சிவப்பு ஒளியைப் படிகத்தின் மேல் பட்டுத் தெறிக்கவிட்டால், எந்த அலைநீளத்தில் பிரதிபலிப்பு சரிகிறது என்பதைக் கொண்டே, கம்பி எதையும் இணைக்காமல், அந்தக் கூட்டத்தைக் கணக்கிடலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, மின்சுமையைக் கவனமாகக் குறைத்து வளர்த்த பிஸ்மத் செலினைடு படலத்தில், கடுங்குளிரில், 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்மிட்டேஜ் குழு டெராஹெர்ட்ஸ் ஒளியைச் செலுத்தியது. காந்தப்புலத்தில் அந்த ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பிய கோணம் சீராக ஏறவில்லை, படிப்படியாகத் தாவியது. ஒவ்வொரு படியின் அளவையும் நிர்ணயித்தது சுமார் 1/137 என்கிற இயற்கை மாறிலி. கம்பி இணைத்து அளந்தபோது இந்தப் படிகள் தெரியவில்லை.

எப்போதும் உட்பகுதி தொல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் இதே குடும்பத்து ஆன்டிமனி டெல்லுரைடில் வெறும் 60 நானோமீட்டர் தடிமனில் ஹாலோகிராம் உருவாக்கினார்கள். மேற்பரப்பின் ஒளிவிலகல் எண் குறைவு, உட்பகுதியினுடையது அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்து, அவ்வளவு மெல்லிய படலத்திலேயே தேவையான கட்டமாற்றத்தைப் பெற்றுவிடுகிறது.