தாத்தா விட்டுட்டுப் போன வேட்டை ரைஃபிள்... வீட்டில் வைத்திருக்கலாமா, சுடலாமா?

அம்பத்தூரில் ஒரு பழைய வீடு. இடித்துவிட்டு ஃபிளாட் கட்ட பில்டரிடம் கொடுத்தாயிற்று. பரணைக் காலி செய்யும்போது, சாக்குத் துணியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று மகன் கையில் கிடைக்கிறது.

"ஏம்மா, இது என்னது?"

"உங்க தாத்தாவோட வேட்டைத் துப்பாக்கிடா. எனக்குக் கல்யாணம் ஆகி வந்தப்பவே இங்கதான் இருந்துச்சு."

"லைசென்ஸ் இருக்கா?"

"அதெல்லாம் அப்பா பாத்துக்கிட்டாரு..."

அப்பா இப்போது உயிரோடு இல்லை. லைசென்ஸ் புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி ஒரு நிலைமை வந்தால் அந்த மகனுக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்பது கற்பனை இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லீவர் ஆக்‌ஷன்... அப்படின்னா என்ன?

டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்தவர்களுக்கும், 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' பார்த்தவர்களுக்கும் கௌபாய் துப்பாக்கி புதுசு இல்லை. டிரிகரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். இதுதான் லீவர் ஆக்‌ஷன்.

ஆரம்பகால லீவர் ரைஃபிள்களில், குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும். முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தை, பின்னால் இருப்பதன் முனை தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் உள்ளேயே வெடிக்கும் ஆபத்து. இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஜான் பிரவுனிங் வடிவமைத்த 'வின்செஸ்டர் 1895' ரைஃபிளில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வந்தது.

அதே ரைஃபிளுக்காக 1904-ல் வந்ததுதான் .405 வின்செஸ்டர் தோட்டா. குண்டின் எடை சுமார் 19 கிராம். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் குண்டு சுமார் 4 கிராம்தான். 'பெரிய போர்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது எடுத்துச்சென்றவற்றில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

ரொம்ப நெருக்கமான தொடர்பு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) கையில் இருந்தது இதே .405 வின்செஸ்டர்தான். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிக் காடுகளில் அலைந்தவர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி, திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி எல்லாம் அவருடைய கதைகளில் வரும் இடங்கள். 1954-ல் வெளிவந்த அவரது முதல் வேட்டைப் புத்தகம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வேட்டை, லைசென்ஸ் வாங்கிச் செய்யும் பொழுதுபோக்கு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் மிச்சமிருந்த கதவையும் சாத்தியது. வேட்டை நின்றுவிட்டது, ரைஃபிள்கள் மட்டும் பரணில் தங்கிவிட்டன. அதே பரணில் மான்கொம்போ புலித்தோலோ இருந்தால் அது தனிப் பிரச்னை. அதற்கு வனத்துறையின் உரிமைச் சான்று வேண்டும்.

பழசுதானே... அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

வேணும். ஆயுதச் சட்டம் 1959-ன் 45-வது பிரிவு விலக்கு கொடுப்பது, ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டும்தான். துரு ஏறியிருக்கு, நூறு வயசு ஆச்சு என்பதெல்லாம் காரணம் ஆகாது. ரிப்பேர் செய்து சுட முடியும் என்றால் சட்டத்தின் பார்வையில் அது உயிருள்ள துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 25-வது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்கு முன் 1 முதல் 3 ஆண்டு என்றிருந்த தண்டனை, இப்போது 2 முதல் 5 ஆண்டு.

அடுத்தது போர் அளவு. .303, 7.62 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டாக்கள் பொருந்தும் ரைஃபிள்கள் 'தடை செய்யப்பட்ட போர்' பட்டியலில் வரும். அதற்கு மத்திய உள்துறையின் அனுமதி தேவை. .315, .405 போன்ற வேட்டை ரைஃபிள்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உள்ளூர் அதிகாரியே லைசென்ஸ் கொடுக்கலாம்.

அப்பா இறந்துட்டார்... இப்போ என்ன செய்யணும்?

முதல் விதி: அதைத் தூக்கிப் பார்க்காதீர்கள், லீவரை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது: தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம். இதைத்தான் 21-வது பிரிவு சொல்கிறது. எழுத்தில் ரசீது வாங்க மறக்காதீர்கள். ஒப்படைத்ததும் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். லைசென்ஸ் கிடைத்ததும் திரும்பப் பெறவோ, தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவோ வாரிசுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது: வாரிசு லைசென்ஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. விண்ணப்பம் அங்கேதான். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவை கேட்கப்படும். அதன்பின் போலீஸ் விசாரணை. கிடைக்கும் லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். 2019-க்கு முன் அது 3 ஆண்டாக இருந்தது.

பலருக்கும் தெரியாத ஒரு வழி: தாத்தாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே லைசென்ஸை மாற்றலாம். 2016 ஆயுத விதிகளின்படி, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எத்தனை வச்சுக்கலாம்?

முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019 திருத்தம் அதை 2 ஆக்கிவிட்டது. வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதை விற்கலாம். ஆனால், விற்பதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்தாச்சு. சுட்டுப் பார்க்கலாமா?

இங்கேதான் ஆர்வலர்களுக்கு ஏமாற்றம். காட்டில் சுட முடியாது, அது குற்றம். மொட்டை மாடியிலோ, கல்யாண ஊர்வலத்திலோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சரி, போட்டி? நடிகர் அஜித் 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கம் வென்ற பிறகு ரைஃபிள் கிளப் பக்கம் இளைஞர்களின் கவனம் திரும்பியது. ஆனால், கிளப்பில் பெரும்பாலும் ஏர் ரைஃபிளும் .22-ம்தான். 'பிக் போர்' எனப்படும் 300 மீட்டர் பிரிவு இருக்கிறது. அதிலும் சர்வதேச விதிப்படி 8 மி.மீ.தான் உச்சவரம்பு. .405 குண்டின் விட்டம் 10 மி.மீ.க்கும் மேல். எனவே, தாத்தாவின் ரைஃபிளுக்கு அங்கேயும் இடமில்லை.

தோட்டாவும் பெரிய தலைவலி. நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குத் தயாரிப்பது .315, .32, 12 போர் போன்றவை. வெளிநாடுகளில் .405 தோட்டா 2000-களில் மறுபடி விற்பனைக்கு வந்தாலும், இங்கே கொண்டுவருவது எளிதல்ல. அமெரிக்காவில் பலர் செய்வதுபோல வீட்டிலேயே தோட்டாவுக்கு மருந்து நிரப்பலாமா? அனுமதி இல்லாமல் செய்தால் அது தோட்டா தயாரிப்புக் குற்றம்.

பரணில் ரைஃபிளோடு கிடைத்த பழைய தோட்டாவைப் போட்டுச் சுடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் ரசாயனம் குழலை உள்ளிருந்து அரிக்கும். அரித்துப்போன குழல், கெட்டுப்போன மருந்து, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெடிப்பு. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் சோதித்துச் சொல்லாமல் எந்தப் பழைய ரைஃபிளையும் சுடக்கூடாது.

அப்புறம் எதுக்குத்தான் வச்சிருக்கணும்?

நியாயமான கேள்வி. பூட்டிய அலமாரி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்குவது. சுடவே முடியாத ஒரு பொருளுக்கு இவ்வளவும் செய்யணும். தாத்தாவின் நினைவாக இதையெல்லாம் மனதாரச் செய்பவர்கள் உண்டு. வேண்டாம் என்று ஒப்படைப்பதிலும் தவறில்லை. பழைய ஆயுதங்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகமும், கோட்டை அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ராணுவ டாங்கியே தயாராகும் ஆவடியில், ஒரு துருப்பிடித்த ரைஃபிளுக்கு இத்தனை கட்டுப்பாடா என்று தோன்றலாம். டாங்கிக்குக் கணக்கு இருக்கிறது. பரணில் கிடக்கும் ரைஃபிளுக்குத்தான் கணக்கு இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "தாத்தா, அந்த லைசென்ஸ் புத்தகம் எங்க இருக்கு?"