எண்ணூர் அமோனியா கசிவு

எண்ணூர் அமோனியா கசிவு என்பது 2023 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் நள்ளிரவை அண்டி வடசென்னையின் எண்ணூரில் நிகழ்ந்த வேதி விபத்து ஆகும். கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேசனல் உர ஆலைக்கு நீர்ம அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் இக்கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவ ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, கிடைத்த வண்டிகளில் வெளியேறினர். சுமார் 50 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலையருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது; அனுமதிக்கப்பட்ட அளவு 400 ஆகும்.

எச்சரிக்கையும் தற்காப்பும்

ஆலையிலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று மக்கள் கூறினர். அவர்களை எழுப்பியது அமோனியாவின் நெடியே. ஆபத்தான செறிவை எட்டும் முன்பே மூக்கு இதனை உணர்ந்துவிடும் என்பது ஒரு நற்பேறு. மணமற்ற கார்பனோரொக்சைடுக்கு இது பொருந்தாது. ஆயினும் எத்திசையில் செல்வது என்பதை நெடி சொல்லாது.

அமோனியா காற்றைவிட இலேசானது. எனினும் −33 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர்மமாக வெளியேறும்போது, குளிர்ந்த வெண்புகையாகத் தரையை ஒட்டியே பரவக்கூடும். எனவே காற்று வீசும் போக்கிலேயே ஓடுதல் தவறு. அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். வெளியேற இயலாதவர் கதவு, சாளரங்களை அடைத்து உள்ளே இருத்தல் நன்று. இவ்வளி நீரில் எளிதிற் கரைவதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது ஓரளவு காக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் கழுவுதல் வேண்டும்.

1984 திசம்பரில் போபாலில் பொதுமக்களுக்கான சங்கு சிறிது ஒலித்து உடனே நிறுத்தப்பட்டது. ஈரத்துணி பற்றிய எளிய செய்தியும் அங்கு மக்களைச் சென்றடைந்திருக்கவில்லை.

சட்ட நிலை

போபாலுக்குப் பின் இயற்றப்பட்ட 1989 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டம் வகுத்தலும், விபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் அயலில் வாழ்வோருக்கு முன்னரே தெரிவித்தலும் கட்டாயம் ஆகும். 1996 ஆம் ஆண்டு விதிகள் நடுவண் நிலையிலிருந்து உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைத்தன. உள்ளூர்க் குழு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். எண்ணூர் மக்கள் நெடியைக் கொண்டே விபத்தை அறிய நேர்ந்தது, ஏட்டிலுள்ள இவ்விதிகள் தெருவை எட்டவில்லை என்பதையே காட்டுகிறது.

பின்விளைவு

கசிவுக்குப் பின் ஆலை மூடப்பட்டது. அதனை நிலையாக மூடக் கோரி 33 ஊர்களின் மக்கள் நூறு நாட்களுக்கும் மேல் போராடினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, உரிய துறைகளின் அனுமதி பெற்று ஆலையை இயக்கலாம் என 2024 மே மாதம் ஆணையிட்டது.

அமோனியா உர ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. பனிக்கட்டி ஆலைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் இதுவே குளிரூட்டி.