கப்பல் நின்றால் கடை: கிடர்பூர்க் கடைத்தெரு வளர்ந்த விதம்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படித்தவர்கள் மருவூர்ப்பாக்கத்தை மறக்க மாட்டார்கள். புகார் நகரின் கடலோரப் பகுதி அது. மணப்பொருள் விற்பவர், கூலக்கடைக்காரர், மீன் விற்பவர், கொல்லர், துணி தைக்கும் துன்னகாரர் என்று இளங்கோவடிகள் ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். நாற்பது வருஷமாகக் கிடர்பூரில் வியாபாரம் செய்யும் எனக்கு, நம்ம ஊரும் ஒரு மருவூர்ப்பாக்கம்தான் என்று தோன்றும்.

ஊர்ப்பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. கப்பல் கட்டிய ஜேம்ஸ் கிட் குடும்பத்தின் பெயர் என்பார்கள் சிலர். கடலோடிகளைக் காக்கும் குவாஜா கிஸ்ர் பெயர் என்பார்கள் வேறு சிலர்.

1856இல் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா அரசிழந்து கல்கத்தா வந்து, பக்கத்து மெட்டியாபுரூஸில் தங்கினார். அவரோடு வந்த தையற்காரர்களால்தான் அங்கே தையல் தொழில் வேரூன்றியது என்பது ஊர் வழக்கு. இன்று அங்கே தைக்கும் ஆயத்த ஆடைகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன.

1892இல் கிடர்பூர் கப்பல்துறை திறந்தது. ஹூக்ளியில் ஏற்ற இறக்கம் அதிகம். மதகு வைத்து உள்ளே தண்ணீரைத் தேக்கியதால், கப்பல்கள் நாள் கணக்கில் நின்று சரக்கு ஏற்ற முடிந்தது. கப்பல் நின்றால் மாலுமி கரையேறுவான். சாப்பாடு, துணி, சவரம், கடிதம் எல்லாம் வேண்டும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் அரிசி, பருப்பு, வெற்றிலை வேண்டும். 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நகரத்து வாடிக்கையாளரும் வந்தார்கள்.

மாலுமி வாங்க மட்டுமா வந்தான்? விற்கவும் வந்தான். வெளிநாட்டு ரேடியோ, கைக்கடிகாரம், கேமரா, சென்ட் எல்லாம் ஃபேன்சி மார்க்கெட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. அதில் சுங்கம் கட்டாத சரக்கும் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். 1991க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது. எங்கும் கிடைக்கிற பொருளுக்கு இங்கே ஏன் வரவேண்டும்? கடைகள் துணிமணிக்கும் பைகளுக்கும் மாறின. 1977இல் ஹால்தியா துறை வந்ததும் பெரிய கப்பல்கள் அங்கே போயின. பெட்டிச் சரக்கு வந்தபின் கப்பல் நிற்கும் நாளும் குறைந்தது. கடைக்கு முதல், கப்பல் நின்ற நாள்தான்!

கப்பல்துறையின் வரலாறு அரசாங்கப் பதிவேடுகளில் இருக்கும். கடைத்தெருவின் வரலாறு எங்கே இருக்கிறது? நம் கணக்கு நோட்டுகளிலும் பெரியவர்கள் நினைவிலும்தான். 2025 ஜூன் மாதம் ஆர்ஃபன்கஞ்ச் சந்தையில் பற்றிய தீ நூற்றுக்கணக்கான கடைகளைச் சாம்பலாக்கியது. சரக்கைத் திரும்ப வாங்கலாம். எரிந்த நோட்டை எங்கே வாங்குவது?

ஆகவே சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். கடை எந்த வருஷம் போட்டது? சரக்கு எங்கிருந்து வந்தது? யாருக்குக் கடன் கொடுத்தீர்கள்? தொழில் ஏன் மாறியது? பதிலைத் தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இளங்கோவடிகள் எழுதி வைத்ததால்தான் மருவூர்ப்பாக்கத்துத் துன்னகாரரை நமக்குத் தெரிகிறது.