விரல் பருமன் புஷ்... வாசலில் நின்றுபோன அம்பாசடர்!

அப்பா வாங்கிய வண்டி, அக்கா கல்யாணத்துக்கு மாலை போட்டுக்கொண்டு போன வண்டி. அதனால்தான் உடையார்பாளையம் போன்ற ஊர்களில் பழைய அம்பாசடரை விற்க யாருக்கும் லேசில் மனசு வருவதில்லை. ஆனால், ஃபர்ஸ்ட் கியர் போட்டாலே 'கர்ர்' என்று சத்தம் வந்தால்? ‘கிளட்ச் பிளேட் போயிருக்கும்’ என்று மாற்றுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். காரணம், விரல் பருமனுள்ள பைலட் புஷ்ஷாக இருக்கலாம்.

இது எங்கே இருக்கிறது?

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் நடுவே ஒரு குழி. அதில் இந்த புஷ் உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸிலிருந்து வரும் கிளட்ச் ஷாஃப்ட்டின் நுனியை இதுதான் தாங்குகிறது. கிளட்ச்சை விட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். புஷ்ஷுக்கு வேலை இல்லை. கியரில் வண்டி நிற்க, கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் சுற்றும், ஷாஃப்ட் நின்றுவிடும். தேய்மானம் முழுவதும் அப்போதுதான்.

பெடலில் லேசாகக் கால் வைத்ததுமே சத்தம் வந்தால், ரிலீஸ் பேரிங்கை (பழைய வண்டியில் கார்பன்) பாருங்கள். முழுக்க மிதித்து, கியரில் நிற்கும்போது மட்டும் வந்தால், பைலட் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம்.

'அம்பாசடர் புஷ்' என்றால் போதாது

1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி இது. முதலில் சைடு வால்வ் எஞ்சின், பிறகு 1,489 சிசி, அப்புறம் டீசல், 1990களில் இசுசு 1,800 சிசி என்று எஞ்சின் மாறிக்கொண்டே வந்தது. போதாததற்கு, பல வண்டிகளில் எஞ்சினையே மாற்றியிருப்பார்கள். எனவே ஆர்.சி. புத்தகத்தை நம்பாமல், வண்டியில் இருக்கும் எஞ்சினைப் பார்த்துக் கேளுங்கள்.

திருச்சிக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ கிளம்பும் முன் வெர்னியரால் மூன்று அளவுகளை எடுங்கள்: கிராங்க் குழியின் விட்டம், அதன் ஆழம், ஷாஃப்ட் நுனியின் விட்டம். பழைய புஷ்ஷின் உள் அளவை நம்பக் கூடாது, அது தேய்ந்துபோனது.

லேத்தில் கடையலாமா?

கன்மெட்டலில் கடைந்து தருவார்கள், அவசரத்துக்கு ஓடும். ஆனால், பல வண்டிகளுக்கு உரியது துகள் அழுத்திச் செய்த வெண்கல புஷ். அதன் நுண்துளைகளில், மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் தங்கும். கிரீஸ் தடவினால் அந்தத் துளைகள் அடைபடும். ஓட்டையில் ஆயிலை நிரப்பி, இருபுறமும் விரலால் அழுத்துங்கள். வெளியே வியர்வை மாதிரி ஆயில் கசிந்தால் நல்ல புஷ். காந்தம் ஒட்டினால் அதில் இரும்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டும் முன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள்.

பழைய புஷ்ஷைக் கழற்ற மெக்கானிக்குகளிடம் ஒரு வித்தை உண்டு. குழியில் கிரீஸை நிரப்பி, சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்து சுத்தியலால் தட்டினால், கிரீஸின் அழுத்தமே புஷ்ஷை வெளியே தள்ளிவிடும். புதியதை இறுக்கமாக அடித்ததும் உள் விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் ஷாஃப்ட் நுனி தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே கியர் பாக்ஸை ஏற்ற வேண்டும்.

புஷ் சின்னதுதான். அதை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். தவறான புஷ் ஷாஃப்ட் நுனியைத் தின்றுவிட்டால் செலவு பல மடங்கு. அந்த மூன்று அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். நாளைக்கு அந்த வண்டியை ஓட்டப்போகும் பிள்ளைக்கு உதவும்!