வாழ்விலும் சாவிலும் இறைவனுக்கு உரியோர்

மாணவர்களே, கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையை அறிவீர்கள். அதற்கு அண்மையிலுள்ள பழைய புனித பேதுரு ஆலயத்தில் ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்கள் உள்ளன. அவர்களது சீர்திருத்தத் திருச்சபை பயன்படுத்திய போதனை நூல் ஹைடல்பேர்க் வினாவிடையாகும். 1563இல் ஜேர்மனியில் வெளியான இந்நூலில் 129 வினாக்கள் உள்ளன. வாழ்விலும் சாவிலும் உனக்குரிய ஒரே ஆறுதல் எது என்பதே முதல் வினா. நான் எனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்கே சொந்தம் என்பது விடையின் சாரம்.

வேதாகம ஆதாரம்: உரோமையர் 14:7-9. உணவு, விசேட நாட்கள் பற்றிப் பிணங்கிய விசுவாசிகளுக்குப் பவுல் இதை எழுதினார்.

இதிலிருந்து விளங்குபவை:

1. கிறிஸ்து மரித்து உயிர்த்ததால், மரணம் இவ்வுறவை முறிப்பதில்லை.
2. உயிரும் உடலும் இறைவனுடையவை. அவற்றை வீணாக்கலாகாது.
3. என்னோடு முரண்படுபவரும் அவருக்கே உரியவர். ஆகவே அவரை இகழ எனக்கு உரிமையில்லை.

கவனிக்க: "இறைவனுக்கு உரியவருக்குத் துன்பம் வராது" எனச் சிலர் விடையெழுதுவர். அது பிழை. கடலுக்குச் சென்ற தந்தை திரும்பாத வீடுகள் நம் கரையோரத்தில் உண்டு. விசுவாசம் புயலைத் தடுக்கும் என்று பவுல் சொல்லவில்லை. கடலில் இறந்தவரும் கரையில் அழுபவரும் ஆண்டவருக்கே உரியோர் என்பதே அவர் தரும் ஆறுதல்.

பயிற்சி வினா: மூன்றாவது கருத்தைப் பாடசாலை வாழ்வில் கடைப்பிடிக்கும் இரு வழிகளை எழுதுக.