தாத்தா பைக்... பேரன் பைக்!

குட்டீஸ், சாலையில் விதவிதமான பைக்குகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்கும் ஆபீசுக்கும் போய்வர ஒரு வகை, பந்தயத்தில் சீறிப் பாய ஒரு வகை, மலைப் பாதையில் குதித்து ஏற ஒரு வகை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகவே செய்யப்படுகிறது. அவற்றில் ஒன்றுதான் 'ஸ்போர்ட் டூரிங்' பைக்.

பந்தய பைக்கில் பெட்ரோல் டேங்க் மீது படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கழுத்தும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்துவிடும். நீண்ட பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக்கில் சோபாவில் உட்கார்ந்தது போல வசதியாகப் போகலாம். ஆனால், அது கனமானது. வளைவுகளில் சட்டென்று வளையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஸ்போர்ட் டூரிங். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் 500 கிலோ மீட்டர் போனாலும் களைப்பு தெரியக்கூடாது. மலை வளைவுகளிலும் துள்ளலாக ஓட வேண்டும். இதுதான் அதன் வேலை.

இந்த வகையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பைக்குகளை இங்கே பார்க்கப் போகிறோம். இரண்டையும் செய்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம். தாத்தாவின் பெயர் 'ஆர்100ஆர்எஸ்'. அறிமுகமானது 1976-ம் ஆண்டு. பேரனின் பெயர் 'ஆர்1250ஆர்எஸ்'. அறிமுகமானது 2018-ம் ஆண்டு. இடையில் 42 ஆண்டுகள்!

இத்தனை ஆண்டுகளில் அதிகம் மாறியது எது? "வேகம்தான்!" என்று சட்டென்று சொல்வீர்கள். அதுதான் இல்லை! அப்படியானால் எது? வாருங்கள், பார்ப்போம்.

காற்றோடு சண்டை

பிஎம்டபிள்யூ தனது முதல் மோட்டார் சைக்கிளை 1923-ம் ஆண்டு வெளியிட்டது. அதன் இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று இடது பக்கமும் மற்றொன்று வலது பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பிறகு ஒன்றை நோக்கி ஒன்று வரும். குத்துச்சண்டை வீரர் தன் இரண்டு கைகளையும் மோதிக்கொள்வது போல இருப்பதால் இதற்கு 'பாக்ஸர் இன்ஜின்' என்று பெயர். தாத்தா பைக்கிலும் பேரன் பைக்கிலும் இருப்பது இதே அமைப்புதான்.

ஜெர்மனியில் 'ஆட்டோபான்' என்ற அகலமான நெடுஞ்சாலைகள் உண்டு. அவற்றின் பல பகுதிகளில் இன்றும் வேகத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. அங்கே பைக் ஓட்டுபவருக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? காற்று! மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்று மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துப் பிடித்துக் கைகள் ஓய்ந்துவிடும். அது மட்டுமல்ல. வேகம் கூடக் கூட காற்று பைக்கின் முன்பக்கத்தை லேசாக மேலே தூக்கும். அப்போது முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது.

இதற்குத் தீர்வு காண ஹான்ஸ் முத் என்ற வடிவமைப்பாளரின் தலைமையில் வேலை நடந்தது. பைக்கின் முன்பக்கத்தை மூடும் கவசம் ஒன்றை உருவாக்கினார்கள். இதை 'ஃபேரிங்' என்பார்கள். இத்தாலியின் டூரின் நகரில் பினின்ஃபரினா நிறுவனத்துக்குச் சொந்தமான காற்றுச் சுரங்கம் இருந்தது. காற்றுச் சுரங்கம் என்றால் ராட்சத மின்விசிறி வைத்த நீண்ட அறை. அங்கே பைக் அசையாமல் நிற்கும். காற்றுதான் பாய்ந்து வரும். எந்த இடத்தில் காற்று மோதுகிறது, எங்கே வழுக்கிப் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கவசத்தின் வடிவத்தைத் திருத்தினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஆர்100ஆர்எஸ். 1976-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். ஓட்டுபவரை முழுவதுமாகக் காற்றிலிருந்து காக்கும் கவசம், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பைக்கோடு சேர்ந்து வந்தது அப்போது புதுமை!

செய்து பாருங்கள்

ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் டேபிள் ஃபேனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, அட்டையின் முகம் ஃபேனைப் பார்க்கும்படி பிடியுங்கள். காற்று தள்ளுவது தெரிகிறதா? இப்போது அட்டையை நடுவில் மடித்து, மடிப்பின் கூர்முனை ஃபேனைப் பார்க்கும்படி பிடியுங்கள். தள்ளுவது குறைந்துவிட்டதல்லவா? காற்று இரண்டு பக்கமும் வழுக்கிப் போகிறது. ஃபேரிங் செய்யும் வேலையும் இதுதான். (ஃபேன் கம்பிக்குள் எதையும் விடாதீர்கள்!)

இரண்டு மடங்கு சக்தி... ஆனால்?

தாத்தா பைக்கின் இன்ஜின் 980 சிசி. அதன் சக்தி 70 குதிரைத்திறன். மணிக்கு 200 கிலோ மீட்டர் வரை போகும். பேரன் பைக்கின் இன்ஜின் 1254 சிசி. சக்தி 136 குதிரைத்திறன். அதாவது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அப்படியானால் பேரனின் வேகம் 400 கிலோ மீட்டரா? இல்லவே இல்லை. காரணம் மறுபடியும் காற்றுதான். வேகம் 2 மடங்கு ஆனால் காற்று தள்ளும் விசை 4 மடங்கு ஆகும். அதை எதிர்த்து ஓட இன்ஜினுக்குத் தேவைப்படும் சக்தியோ 8 மடங்கு! 2 x 2 x 2 = 8. கணக்குப் பாடத்தில் படிக்கும் 'கன எண்' இங்கே வந்துவிட்டது பார்த்தீர்களா? அதனால், சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினாலும் வேகம் நான்கில் ஒரு பங்குதான் கூடும்.

அந்தக் கூடுதல் சக்தி வேறு வேலைக்குப் பயன்படுகிறது. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி என்று முழுச் சுமையோடு ஆல்ப்ஸ் மலை ஏறும்போது இன்ஜின் திணறாது. லாரியை முந்தும்போது வேகமாக முந்தி, சீக்கிரம் தன் வரிசைக்குத் திரும்பிவிடலாம்.

கிளம்புவதைவிட நிற்பது கடினம்

வேகமாகப் போகும் வண்டியை நிறுத்துவதுதான் பெரிய விஷயம். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினால்கூட அந்த நீளம் வராது! ஓட்டுபவர் "ஐயோ, மாடு!" என்று நினைத்து பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடலாம். அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. வேகம் இரண்டு மடங்கு என்றால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும்.

பயத்தில் பிரேக்கை இறுக்கி அமுக்கினால் என்ன நடக்கும்? மணல் கிடக்கும் இடத்தில் சைக்கிளில் போய் சட்டென்று பிரேக் போட்டிருக்கிறீர்களா? சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். ஆனால், சைக்கிள் நிற்காது. சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். இதைத்தான் சக்கரம் 'லாக்' ஆவது என்கிறார்கள். இரண்டு சக்கர வண்டி விழாமல் இருப்பதற்குக் காரணம், நாம் அறியாமலேயே ஹேண்டில்பாரை இங்கும் அங்கும் சிறிது திருப்பிச் சமன் செய்துகொண்டே இருப்பதுதான். முன்சக்கரம் லாக் ஆகிவிட்டால் திருப்பினாலும் பலன் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் கீழே விழ வேண்டியதுதான்.

தாத்தா பைக்கின் முன்சக்கரத்தில் இரண்டு டிஸ்க் பிரேக்குகள் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது நல்ல பிரேக். ஆனாலும், மழையில் எவ்வளவு அழுத்தலாம், எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுபவரின் விரல்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தப்புக் கணக்குப் போட்டால் மன்னிப்பு கிடையாது.

11 கிலோ காவலன்

இந்த ஆபத்தைத் தடுக்க வந்ததுதான் 'ஏபிஎஸ்'. சக்கரத்தோடு சேர்ந்து பல் வைத்த ஒரு வளையம் சுற்றும். அருகில் இருக்கும் சென்சார், பற்கள் கடந்து போவதை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை திடீரென்று சரிந்தால், 'சக்கரம் லாக் ஆகப் போகிறது' என்று சின்னக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். உடனே பிரேக்கின் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி அழுத்தும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும். எவ்வளவு கெட்டிக்கார மனிதராலும் இவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது.

கார்களில் நவீன ஏபிஎஸ் 1978-ம் ஆண்டே வந்துவிட்டது. பைக்குக்கு வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1988-ம் ஆண்டு பிஎம்டபிள்யூவின் கே100 பைக்கில் முதன்முதலாக அது வந்தது. அந்தக் கருவியின் எடை சுமார் 11 கிலோ! பைக்கில் ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கட்டியது போல. அதன்பின் பொறியாளர்கள் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2010-ம் ஆண்டு வாக்கில் பாஷ் நிறுவனம் செய்த பைக் ஏபிஎஸ் கருவி வெறும் 700 கிராம்தான்.

அதிலும் ஒரு குறை இருந்தது. டயருக்கு சாலையில் இருக்கும் பிடிப்பு, உங்கள் பாக்கெட் மணி போன்றது. நேராகப் போகும்போது முழுப் பணத்தையும் பிரேக்குக்கே செலவழிக்கலாம். பைக் சாய்ந்து வளையும்போது பெரும் பகுதி வளைவதற்கே செலவாகிவிடும். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அப்போது பலமாக பிரேக் போட்டால் கையில் காசு இல்லாத கதைதான்!

பழைய ஏபிஎஸ்ஸுக்கு பைக் சாய்ந்திருப்பது தெரியாது. 2013-ம் ஆண்டு ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனத்தின் பைக்கில், சாய்வை அளந்து அதற்கேற்ப பிரேக்கைக் கட்டுப்படுத்தும் முறை வந்தது. பேரன் பைக்குக்கும் இந்த வசதி கிடைத்தது. 2020-ம் ஆண்டு இத்தாலியின் டுகாட்டி, முன்னாலும் பின்னாலும் ராடார் வைத்த பைக்கையே காட்டியது. முன்னே போகும் வண்டியோடு அது தானாகவே இடைவெளி விட்டு ஓடும்.

இதனால் எல்லாம் உயிர் பிழைக்கிறதா? பிழைக்கிறது. அமெரிக்காவில் ஒரே மாடல் பைக்கை ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏபிஎஸ் உள்ள பைக்குகளில் உயிரைப் பறிக்கும் விபத்துகள் சுமார் 22 சதவீதம் குறைவாக இருந்தன. இந்தியாவிலும் 2019 ஏப்ரல் 1 முதல், 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஜெர்மனியில் விலை உயர்ந்த பைக்கில் தொடங்கியது நம் தெருவுக்கே வந்துவிட்டது!

தாத்தாவின் பெருமை

அதற்காகத் தாத்தாவைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. அதுவே ஒரு பலம். சிலிண்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சாலை ஓரத்தில் உட்கார்ந்தே ஸ்பார்க் பிளக்கை மாற்றலாம், வால்வுகளைச் சரிசெய்யலாம். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும். சரியாகப் பராமரிக்கப்பட்ட ஆர்100ஆர்எஸ் பைக்குகள் இன்னும் ஓடுகின்றன.

பேரனிடம் கோளாறு என்றால் பல சமயம் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை இணைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால், அவர் வெளியிடும் புகை மிகவும் சுத்தமானது. தாத்தாவின் கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் குத்துமதிப்பாகக் கலக்கும். பேரனின் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோ ஒவ்வொரு துளியையும் அளந்து தெளிக்கும்.

ஒரே பார்வையில்...

இன்ஜின்: தாத்தா 980 சிசி, பேரன் 1254 சிசி.

சக்தி: தாத்தா 70 குதிரைத்திறன், பேரன் 136 குதிரைத்திறன்.

கியர்: தாத்தாவுக்கு 5, பேரனுக்கு 6.

டேங்க்: தாத்தாவுக்கு 24 லிட்டர், பேரனுக்கு 18 லிட்டர்.

எடை: தாத்தா சுமார் 230 கிலோ, பேரன் 243 கிலோ.

குளிர்வித்தல்: தாத்தாவுக்குக் காற்று மட்டும், பேரனுக்குக் காற்றும் திரவமும்.

ஓட்டுபவர் முன்னால்: தாத்தாவிடம் முள் மீட்டர்கள், கடிகாரம், பேரனிடம் 6.5 அங்குல வண்ணத் திரை.

மாறாதது: பாக்ஸர் இன்ஜின். பின்சக்கரத்தைச் சுற்ற வைப்பது இருவரிடமும் செயின் அல்ல, ஷாஃப்ட்!

இப்போது சொல்லுங்கள்

42 ஆண்டுகளில் அதிகம் மாறியது எது? வேகம் அல்ல. ஓட்டுபவர் ஒரு சின்னத் தவறு செய்தாலும் அவரைக் காப்பாற்றப் பார்க்கும் அறிவுதான். நன்றாக ஓடும் வண்டியை 1976-லேயே செய்துவிட்டார்கள். நன்றாக நிற்கும் வண்டியைச் செய்யத்தான் இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன!

ஒன்றை மறக்காதீர்கள். எந்தப் புதிய பைக்காக இருந்தாலும் அதன் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு இடத்தில்தான். எந்தக் கம்ப்யூட்டராலும் அதைப் பெரிதாக்க முடியாது. அதனால், நீங்கள் 18 வயதாகி லைசென்ஸ் வாங்கும் வரை ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள். அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாலும் ஹெல்மெட் போடுங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பைக்கில் போகும்போது ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

நாளை அப்பாவோ அக்காவோ பைக் எடுக்கும்போது முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். டிஸ்க் பக்கத்தில் துளைகள் போட்ட ஒரு சின்ன வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அதுதான் ஏபிஎஸ் வளையம். அது என்ன வேலை செய்கிறது என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்!