கடன் கேட்டு வரும் கள்ளக் குரல்கள்

நம்மவர்களுக்குக் கடன் என்றாலே ஒரு கூச்சம். வாங்கிய கடனைச் சொல்லவே நாக்கு எழாது. வாங்காத கடனைக் கேட்டு ஒருவன் போனில் கத்தினாலும், அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடுமோ என்று முதலில் கதவைத்தான் சாத்துகிறோம். இந்தக் கூச்சத்தையே மூலதனமாக வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. 32 வருஷம் வங்கியில், அதில் பாதி கடன் பிரிவில், குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மும்பையில் நம் வீடுகளுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இந்தியில் தொடங்கும். "ஆப்கே நாம் பர் லோன் பெண்டிங் ஹை." இந்தப் பக்கம் தடுமாற்றம் தெரிந்தால் போன் கை மாறும். அடுத்தவர் நல்ல தமிழிலேயே பேசுவார். "அம்மா, நான் வக்கீல் பேசறேன். உங்க பையன் பேர்ல கேஸ் ஆயிடுச்சு. சாயந்திரத்துக்குள்ள கட்டிட்டா வாரண்ட்டை நிறுத்திடலாம்." வெளிமாநிலத்தில் தாய்மொழி காதில் விழுந்தால் பாதி சந்தேகம் தானாகக் கரைந்துவிடும். செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி பிக்சட் டெபாசிட்டை உடைக்கப் பாஸ்புக்கோடு கிளம்பிவிட்டார். லிப்ட் வாசலில் நிறுத்தி விசாரித்தேன். "பான் நம்பரை அப்படியே ஒப்பிக்கறானே, பொய்யா இருக்குமா?" என்றார்.

பொய்யாக இருக்கலாம். ஜெராக்ஸ் கடை, சிம் கார்டு கடை, வீட்டு புரோக்கர் என்று பான், ஆதார் நகல்களை எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! நம் விவரம் ஒருவனுக்குத் தெரிந்திருப்பது, நாம் கடன் வாங்கியதற்குச் சாட்சி ஆகாது.

இனி வாரண்ட் சமாசாரம். தவணை கட்டாமல் போவது அதனளவில் சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துப்போகாது. (செக் திரும்பினால் கதை வேறு. அங்கேயும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வந்தாக வேண்டும்.) "420 போட்டுடுவோம்" என்பது இன்னொரு மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, ஏமாற்றுதல் 318ஆம் பிரிவாகிவிட்டது. இந்த 'வக்கீல்'கள் இன்னும் பழைய புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான வசூல் ஏஜென்ட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காகக் கடனாளியை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வசூலை எந்த ஏஜென்சியிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை வங்கி கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தவும் அனுமதி இல்லை. யாரோ ஒருவர் தன் கடன் விண்ணப்பத்தில் உங்கள் நம்பரை 'ரெஃபரன்ஸ்' என்று எழுதியிருந்தால், அதனால் நீங்கள் கடனாளி ஆகிவிட மாட்டீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் பொறுப்பு.

போனில் அதிகம் பேச வேண்டாம். "எந்த வங்கி, கடன் கணக்கு எண் என்ன, எழுத்தில் அனுப்புங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். 'சரிபார்க்க' என்று ஓடிபி கேட்டாலும், ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னாலும் அதோடு முடிந்தது. பிறகு பாஸ்புக்கில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். நெட்டில் தேடி எடுக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பரே போலியாக இருப்பதுண்டு. வங்கிக் கடன் என்றால் பணம் வங்கியின் கணக்குக்குத்தான் போக வேண்டும். தனி ஆளின் யுபிஐ ஐடிக்கோ, வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் படத்துக்கோ அல்ல. "டோக்கனா ரெண்டாயிரம் மட்டும்" என்பான். கொடுத்தால் அடுத்த வாரமும் வருவான்.

ஒருவேளை நம் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால்? அதுவும் நடக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மாமிக்கு அன்றே எடுத்துப் பார்த்தோம். அவர் பெயரிலும் பையன் பெயரிலும் அப்படி ஒரு கடனே இல்லை. தெரியாத கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

பணம் போய்விட்டதா? உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண்ணும் நேரமும் கையில் இருக்கட்டும். ஊரில் இருக்கும் அப்பா ஏமாந்திருந்தால், நாம் இங்கே இருக்கிறோமே என்று தயங்க வேண்டியதில்லை. நாடு முழுக்க இந்த ஒரே எண்தான். எல்லை எங்கள் ஸ்டேஷனுடையது அல்ல என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.